லிவர்பூலிலிருந்து லாயம் வரை

அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், வலது ஓரம் நெடுகக் கிரீட முத்திரை ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கி வருவது தெரியும். தாளின் இரண்டு பக்கங்களிலும் ஒரே சொல் அலை அலையாக அச்சாகியிருக்கும். பின்பக்கத்தில் அந்த அலை நீலமும் பச்சையுமாக மாறி மாறி ஓடும். ஈரம் பட்டால் மையும் தாளும் நிறம் மாறிவிடும்; யாரும் அழித்துத் திருத்திவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. பன்னிரண்டு இலக்க எண் ஒன்று இருக்கும். அதன்பிறகு கட்டம் கட்டமாகத் தலைப்புகள். தண்டனைகளும் எச்சரிக்கைகளும் ஒரு கட்டத்தில், குழந்தைகளுக்கான தடைப் பட்டியல் இன்னொன்றில், காவல்துறைத் தலைவர் தம் பொறுப்பில் சொல்ல விரும்பும் வேறு தகவல் மற்றொன்றில். பெரும்பாலானவர்களின் தாளில் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே வரிதான் இருக்கும்: பதிவு எதுவும் இல்லை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குழந்தைகளைக் கவனிக்கும் வேலைக்கு வருகிறவர்கள் காட்டவேண்டிய, டிபிஎஸ் என்ற அரசு அமைப்பு வழங்கும் சான்றிதழ் இது. ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் வேறு ஏற்பாடுகள் உண்டு. நம் ஊரில் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தால் போலீஸ் விசாரணை என்று ஒருவர் வந்துபோவாரே, அந்த வகை வேலைதான். ஆனால் அதைவிடப் பல மடங்கு ஆழமாகத் தோண்டுவது. ஆண்டுக்கு 70 லட்சத்துக்கும் மேலான சான்றிதழ்கள் வழங்கப்படுகின்றன. ஆசிரியர், செவிலியர், நீச்சல் பயிற்சியாளர் என்று அவை போய்ச் சேரும் கைகள் பல. மட்டக்குதிரைப் போட்டி நடக்கும் ஒரு புல்வெளிக்குப் போகிற தாளை மட்டும் இங்கே பின்தொடர்கிறேன்.

குதிரையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பிரிட்டனில் குழந்தைகள் குதிரையேறக் கற்றுக்கொள்வது பழைய பழக்கம். அதற்கென்றே இருக்கும் போனி கிளப் 1929-ல் தொடங்கியது. எட்டு வயதில் ஒரு மட்டக்குதிரைமேல் ஏறும் பிள்ளை பதினெட்டு வயதுவரை வாரத்தில் பல மணி நேரத்தை லாயத்தில் கழிக்கிறது. சேணம் பூட்டுவது, சாணம் அள்ளுவது, குளம்பு சுரண்டுவது எல்லாம் பெரியவர்களோடு சேர்ந்துதான். உட்காரும் முறையைத் திருத்தப் பயிற்சியாளர் பிள்ளையின் காலையும் இடுப்பையும் தொடவேண்டி வருகிறது. போட்டிக்கு விடியுமுன் கிளம்பவேண்டும். இரண்டு மூன்று நாள் நடக்கும் போட்டியென்றால் குதிரை லாரியிலேயே படுத்துறங்கும் குடும்பங்கள் ஏராளம். எந்தக் குதிரை யாருக்கு, எந்தப் போட்டியில் யார் இறங்குவது என்பதையெல்லாம் பயிற்சியாளரே முடிவுசெய்கிறார். குதிரைமேல் உயிரை வைத்திருக்கும் ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுமி, அதை விட்டுப் பிரிய நேருமோ என்ற பயத்தில் எதை வேண்டுமானாலும் வாய்திறக்காமல் பொறுத்துக்கொள்வாள். கெட்ட எண்ணத்தோடு வருகிற ஒருவனுக்கு இவ்வளவு சாதகமாக அமைந்த இடங்கள் குறைவு. அங்கே வேலை செய்கிற பெரும்பாலோர் நல்லவர்கள் என்பதும் உண்மைதான். ஆனால் அந்த நல்லவர்களுடைய பெயரைத்தான் கெட்டவன் போர்த்திக்கொண்டு உள்ளே வருகிறான்.

1986-லேயே உள்ளாட்சி அமைப்புகள் குழந்தைகளோடு பழகும் ஊழியர்களைப் பற்றிக் காவல்துறையிடம் விசாரிக்க வழி செய்யப்பட்டது. கிராமத்து விளையாட்டு சங்கங்களுக்கு அந்த வசதி எட்டவில்லை. 1995-ல் பால் ஹிக்சன் என்ற நீச்சல் பயிற்சியாளர் தம்மிடம் பயின்ற சிறுமிகளைச் சீரழித்ததற்காக 17 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். 1988 சியோல் ஒலிம்பிக்கில் பிரிட்டன் நீச்சல் அணிக்குப் பயிற்சியாளராக இருந்தவர் அவர். விளையாட்டு உலகம் அதிர்ந்துபோனது. குழந்தைகள் நல அமைப்பான என்எஸ்பிசிசி, விளையாட்டில் குழந்தைப் பாதுகாப்புக்கென்றே 2001-ல் ஒரு தனிப் பிரிவைத் தொடங்கியதற்கு இப்படிப்பட்ட வழக்குகளே காரணம். 1997-ல் வந்த காவல்துறைச் சட்டம், குற்றப் பின்னணியைச் சரிபார்த்துச் சொல்ல ஒரு மைய அலுவலகத்துக்கு இடம் கொடுத்தது. அது 2002 மார்ச்சில் குற்றப் பதிவு செயலகம் என்ற பெயரில் வேலையைத் தொடங்கியது. தொடங்கிய ஐந்தாம் மாதம் சோகம் நடந்தது.

சோகம் என்பது கேம்பிரிட்ஜ்ஷயரில் ஒரு சிற்றூரின் பெயர். பிரிட்டிஷ் குதிரைப் பந்தயத்தின் தலைநகரான நியூமார்க்கெட் அங்கிருந்து பத்து மைலுக்குள் இருக்கிறது. 2002 ஆகஸ்ட் 4 ஞாயிறு மாலை, அந்த ஊரில் பத்து வயதுச் சிறுமிகள் இருவர் வீட்டைவிட்டு வெளியே நடந்து போனார்கள், திரும்பவில்லை. கொன்றவன் இயன் ஹன்ட்லி, உள்ளூர் மேல்நிலைப் பள்ளியில் காவல்காரன். 2001 நவம்பரில் வேலைக்குச் சேர்ந்தபோது அவன் கொடுத்த பெயர் நிக்சன். கேம்பிரிட்ஜ்ஷயர் காவல்துறை நிக்சன் என்ற பெயரில் மட்டும் தேடியது; ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் வடக்கே ஹம்பர்சைடில், ஹன்ட்லி என்ற பெயரில், 1995-க்கும் 1999-க்கும் இடையே அவன்மேல் பாலியல் புகார்கள் திரும்பத் திரும்ப வந்திருந்தன. அவற்றில் ஒன்றுகூடத் தண்டனையில் முடியவில்லை. ஒவ்வொரு புகாரையும் தனித்தனியாகப் பார்த்து மூடிவிட்டார்கள். எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாருமில்லை, வைத்துப் பார்க்கத் தேவையான பதிவுகளும் மிஞ்சவில்லை.

சர் மைக்கேல் பிச்சார்ட் நடத்திய விசாரணையின் அறிக்கை 2004 ஜூன் 22 அன்று வந்தது. 31 பரிந்துரைகள். இன்று நாம் பார்க்கும் தாளின் ஒவ்வொரு உறுப்பும் ஏதோ ஒரு வகையில் அந்த அறிக்கைக்குக் கடன்பட்டது. 2006-ல் ஒரு சட்டம் வந்தது. தகாதவர்களைக் குழந்தைகளிடமிருந்து விலக்கிவைக்க ஒரே தடைப் பட்டியலும் அதை வைத்திருக்க ஒரு தனி அமைப்பும் உருவாயின. காவல்துறைகள் தங்களுக்குள் உளவுத் தகவலைப் பகிர்ந்துகொள்ளும் தேசிய தரவுத்தளம் 2011-ல்தான் இயங்கத் தொடங்கியது. அந்தக் குழந்தைகள் இறந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து. இவ்வளவு தாமதத்தை நான் எளிதில் மன்னிக்கமாட்டேன். 2012 டிசம்பரில் பழைய செயலகமும் தடை அமைப்பும் ஒன்றாக்கப்பட்டு டிபிஎஸ் பிறந்தது. சான்றிதழ் வழங்கும் பகுதி லிவர்பூலிலும் தடைப் பட்டியலைக் கவனிக்கும் பகுதி டார்லிங்டனிலும் இருக்கிறது.

இனித் தாளின் பயணம். போனி கிளப்பில் பயிற்சி கொடுக்க வரும் ஒரு பெண்ணை எண்ணிக்கொள்வோம். விண்ணப்பத்தில் பிறந்ததுமுதல் அவருக்கிருந்த எல்லாப் பெயர்களையும் எழுதவேண்டும். திருமணத்துக்கு முந்தைய பெயர், மறுமணத்துக்குப் பிந்தைய பெயர், வீட்டில் அழைத்து வழக்கமாகிப்போன பெயர், ஒன்றையும் விடக் கூடாது. நிக்சன் என்ற ஒற்றைப் பெயரில் தேடியதன் விலை என்ன என்பதை அந்தப் படிவம் மறக்கவில்லை. பிறகு ஐந்து ஆண்டு முகவரிகள், இடைவெளி இல்லாமல். குதிரை வேலையில் இருக்கிறவர்களுக்கு இந்த இடம் பெரிய தலைவலி. ஒரு பருவம் ஒரு லாயத்தின் மாடியறை, அடுத்த பருவம் வேறொரு மாவட்டத்தில் கேரவன், நடுவே சில மாதம் அயர்லாந்து என்று சுற்றுகிற தொழில் அது. அப்படிச் சுற்றுகிறவர்களைத்தான் ஒழுங்காக விசாரிக்கவேண்டும் என்பதால் இந்தத் தலைவலியைக் குறைக்க நான் பரிந்துரைக்கமாட்டேன்.

பாஸ்போர்ட்டையும் ஓட்டுநர் உரிமத்தையும் கிளப்பின் பாதுகாப்பு அலுவலர் அசலாகப் பார்க்கிறார். பெரும்பாலான கிளைகளில் இந்த அலுவலர் சம்பளமில்லாத ஒரு தாயோ தந்தையோதான். சமையலறை மேசையில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்கிறவர். அங்கிருந்து பதிவுபெற்ற ஓர் அமைப்பின் ஒப்புதலோடு விண்ணப்பம் டிபிஎஸ்ஸுக்குப் போகிறது. ஐந்து நிலைகள். விண்ணப்பம் சரியா என்று பார்ப்பது முதலாவது. காவல்துறையின் தேசியக் கணினியில் தேடுவது அடுத்தது. மூன்றாவது, தடைப் பட்டியல். நான்காவதில்தான் நேரம் போகும்: அவர் குடியிருந்த ஊர்களின் காவல்துறைகள் தங்கள் கோப்புகளைப் புரட்டவேண்டும். கடைசியில் அச்சு.

அந்த நான்காவது நிலையில் கொஞ்சம் நிற்கவேண்டும். தண்டனை என்றால் நீதிமன்றம் சொன்னது. அதை அப்படியே எழுதிவிடலாம். ஆனால் தண்டனையில் முடியாத புகார், கைவிடப்பட்ட வழக்கு, மூன்று வெவ்வேறு வீடுகளிலிருந்து வந்த ஒரே மாதிரியான முறையீடு இவற்றை என்ன செய்வது? ஹன்ட்லியின் கோப்பில் இருந்திருக்க வேண்டியவை இத்தகைய தகவல்களே. இந்தத் தகவல் இந்த வேலைக்குப் பொருத்தமானது, சொல்லப்படவேண்டியது என்று காவல்துறைத் தலைவர் நியாயமாக நம்பினால் சான்றிதழில் சேர்க்கலாம். சேர்த்தால் ஒருவருடைய பிழைப்பு போகலாம். பொய்ப் புகாருக்கு ஆளான ஒருவரின் வாழ்க்கையும் அதில் அடங்கியிருக்கிறது. அதனால்தான் மேல்முறையீட்டுக்கென்று சுயேச்சையான கண்காணிப்பாளர் ஒருவர் இருக்கிறார். முன்பெல்லாம் சான்றிதழின் ஒரு பிரதி நேராக முதலாளிக்கும் போகும். 2013 ஜூனிலிருந்து அது நின்றது. தாள் விண்ணப்பித்தவருக்கு மட்டுமே வருகிறது. தப்பாக ஏதாவது எழுதியிருந்தால் மற்றவர் பார்க்குமுன் அவர் வழக்காட முடியவேண்டும் என்பது நோக்கம். அதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். குழந்தையைக் காக்கிற ஏற்பாடு நிரபராதியை நசுக்கினால், நாளைக்கு அந்த ஏற்பாட்டை நம்ப யாரும் இருக்கமாட்டார்கள்.

தாள் தபாலில் வருகிறது. பயிற்சியாளர் கிளப்பில் காட்டுகிறார். இதற்குக் காலாவதித் தேதி கிடையாது. அச்சான நாளுக்கு மட்டுமே அது உண்மை. அதனால் பல விளையாட்டு அமைப்புகள் மூன்று ஆண்டுக்கொருமுறை புதிதாகக் கேட்கின்றன. ஆண்டுக்கு 16 பவுண்டு கட்டி ஒரு புதுப்பிப்புச் சேவையில் சேர்ந்துகொண்டால், அவருடைய அனுமதியோடு கிளப் எப்போது வேண்டுமானாலும் இணையத்தில் பார்த்து, சான்றிதழுக்குப் பிறகு ஏதாவது மாறியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ளலாம். சான்றிதழ் வழங்கப்பட்ட தேதியிலிருந்து 30 நாளுக்குள் சேர்ந்தால்தான் உண்டு. தவறவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. தன்னார்வலர்களுக்குக் கட்டணம் இல்லை.

அடுத்து, போட்டி நடக்கும் புல்வெளி. காலை ஆறு மணிக்கே லாரிகள் வரிசை கட்டி நிற்கும். இந்தக் கூட்டத்தில் தொழில்முறையில் வந்திருப்பவர்களைப் பாருங்கள்: பயிற்சியாளர்கள், நடுவர்கள், வளையத்தில் ஒழுங்கு பார்க்கும் அலுவலர்கள், தடைகளை அமைப்பவர், லாடம் கட்டுபவர், கால்நடை மருத்துவர், புகைப்படக்காரர், சேணம் விற்பவர், குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் கூலிப் பையன்கள். வெளியிலிருந்து பார்க்கிற பெற்றோர், இத்தனை பேரையும் யாரோ விசாரித்துத்தான் உள்ளே விட்டிருப்பார்கள் என்று நம்புகிறார்கள்.

சட்டம் அப்படி நினைக்கவில்லை. அது கணக்குப் போட்டுப் பார்க்கிறது. குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுப்பதோ அவர்களைக் கவனிப்பதோ உன் வேலையா? வேறொருவர் மேற்பார்வை இல்லாமல் செய்கிறாயா? வாரம் ஒருமுறையாவது செய்கிறாயா, அல்லது 30 நாளில் நான்கு நாளாவது? அல்லது இரவு இரண்டு மணியிலிருந்து ஆறு மணிக்குள் குழந்தைகளோடு இருக்கிறாயா? இந்த வரம்புக்குள் வந்தால்தான் தடைப் பட்டியலையும் பார்க்கும் உயர்நிலைச் சரிபார்ப்பு. போனி கிளப் கோடை முகாமில் இரவு தங்கும் பயிற்சியாளர் வரம்புக்குள் வந்துவிடுகிறார். ஒரே ஒரு நாள் வந்து தீர்ப்புச் சொல்லிப் போகிற நடுவர் பெரும்பாலும் வெளியே நிற்கிறார். லாடம் கட்டுபவரும் புகைப்படக்காரரும் அப்படியே. போட்டி நடத்துகிறவர் மிகுந்த அக்கறையோடு எல்லோரிடமும் உயர்நிலைச் சான்றிதழ் கேட்டாலும் அது சட்டப்படி தவறு. தகுதியில்லாத வேலைக்கு உயர்நிலைச் சரிபார்ப்புக் கேட்கக் கூடாது. அடிப்படைச் சான்றிதழ் கேட்கலாம். அதில் காலம் கடந்துபோகாத தண்டனைகளும் நிபந்தனை எச்சரிக்கைகளும் மட்டுமே வரும். தடைப் பட்டியல் அதில் வராது.

இப்படி வரம்பு போட்டது 2012-ல் வந்த சட்டம். எல்லோரையும் சந்தேகிக்கிற நாடாக மாறிவிடக் கூடாது என்ற கவலையில் பிறந்தது. அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் போட்டிக்குக் காரில் கூட்டிப்போகிற தாயிடம் சான்றிதழ் கேட்கும் நிலை யாருக்கும் நல்லதல்ல. ஆனால் குதிரைப் போட்டியின் இயல்பு வேறு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரே புகைப்படக்காரர், ஒரே லாடக்காரர், ஒரே நடுவர்கள் வாரம் ஒரு மைதானமாகச் சுற்றுகிறார்கள். ஒவ்வொரு மைதானத்தின் கணக்கிலும் அவர் ஒரு நாள் விருந்தாளி. பிள்ளைகளின் கண்ணுக்கோ ஐந்து ஆண்டுகளாகத் தெரிந்த மாமா. இதை எண்ணும் வழி சட்டத்தில் இல்லை. என் கருத்தில், நாளை எண்ணுவதற்குப் பதிலாகப் பிள்ளையோடு ஏற்படும் பழக்கத்தை எண்ணவேண்டும்.

இன்னொரு பள்ளமும் இருந்தது. கிளப் எதிலும் சேராமல், பெற்றோரே நேராகக் கூலி பேசி அமர்த்தும் தனிப் பயிற்சியாளர்கள் குதிரை உலகில் நிறைய. தனக்குத் தானே முதலாளியாக இருக்கும் ஒருவர் உயர்நிலைச் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கவே முடியாத நிலை பல ஆண்டுகள் நீடித்தது. வாராவாரம் ஒரு சிறுமியோடு தனியாக இருக்கிறவர் அவர்; சான்றிதழ் கேட்க முதலாளி இல்லை என்பதால் சான்றிதழும் இல்லை. அந்த வழியைச் சட்டம் அண்மையில்தான் திறந்துவிட்டது. இதற்கிடையே ஓரளவு கைகொடுத்தவை தொழில் அமைப்புகள். பிரிட்டிஷ் குதிரைச் சங்கமான பிஎச்எஸ்ஸின் அங்கீகாரம் வேண்டுமென்றால் பயிற்சியாளர் சரிபார்ப்பு, குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சி, முதலுதவி, காப்பீடு எல்லாம் காட்டவேண்டும். அங்கீகாரம் வேண்டாம் என்கிறவரைத் தடுக்க அவர்களுக்கும் அதிகாரமில்லை. பெற்றோர் கேட்டால்தான் உண்டு. கேட்பது அவமரியாதை என்று நம்மைப் போலவே ஆங்கிலேயப் பெற்றோரும் நினைக்கிறார்கள்.

கேட்டு, தாளும் வந்து, கட்டங்களெல்லாம் சுத்தமாக இருந்துவிட்டால்? ஹிக்சன் பிடிபடுவதற்கு முதல் நாள் இப்படி ஒரு தாள் அச்சடித்திருந்தால் அதிலும் எதுவும் இருந்திருக்காது. பிள்ளை சொல்லவேண்டும், கேட்டவர் நம்பவேண்டும், நம்பியவர் காவல் நிலையம் போகவேண்டும், அங்கே எழுதிவைக்கவேண்டும், எழுதியதை அழிக்காமல் வைத்திருக்கவேண்டும். இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் லிவர்பூலில் எதுவும் கிடைக்காது. இன்னொன்றையும் சொல்லவேண்டும். சோகத்தில் கொலையுண்ட சிறுமிகள் ஹன்ட்லி வேலை பார்த்த பள்ளியில் படிக்கவில்லை. அவனோடு வாழ்ந்த பெண் அவர்களுடைய வகுப்பில் உதவி ஆசிரியை. அந்த அறிமுகம் போதுமானதாக இருந்தது. விசாரிக்கப்படுகிற ஆளும் பிள்ளை நம்புகிற ஆளும் எப்போதும் ஒருவராக இருப்பதில்லை.

சட்டமும் சில இடங்களில் தாமதமாகவே கண்திறந்தது. 16, 17 வயது மாணவர்களோடு ஆசிரியர் பாலுறவு கொள்வது குற்றமாக இருந்த காலத்திலும், விளையாட்டுப் பயிற்சியாளருக்கு அது குற்றமாக இல்லை. 2022 ஜூன் 28-ல்தான் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பயிற்சியாளர்களும் அந்த வரம்புக்குள் கொண்டுவரப்பட்டார்கள். அதற்கு முன்பு அப்படி நடந்துகொண்ட ஒரு பயிற்சியாளரின் தாளில் காவல்துறை எழுத ஒரு குற்றமே இருந்திருக்காது.

அதனால் தாள் வரும் பாதையைவிட, தகவல் திரும்பிப் போகும் பாதை எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. அது புல்வெளியிலிருந்து டார்லிங்டனுக்குப் போவது. ஒருவர் பிள்ளைக்குத் தீங்கு செய்தார் அல்லது செய்யக்கூடியவர் என்று கருதி ஒரு கிளப் அவரைப் பயிற்சியிலிருந்து விலக்கினால், அதை டிபிஎஸ்ஸுக்குத் தெரிவிப்பது சட்டக் கடமை. தெரிவிக்காமல் விட்டால் குற்றம். விலக்குவதற்கு முன்பே அவர் தானாக ராஜினாமா செய்துவிட்டு நழுவினாலும் இந்தக் கடமை போகாது. முன்பெல்லாம் இப்படித்தான் நடக்கும்: ஏதோ காதில் விழும், ‘நீங்களே போய்விடுங்கள், கிளப் பெயர் கெடவேண்டாம்’ என்பார்கள், அவர் அடுத்த மாவட்டத்து லாயத்தில் போய்ச் சேருவார். அங்கே அடுத்த பிள்ளை. அந்தக் கதவை மூடத்தான் இந்த விதி. டார்லிங்டனில் உள்ளவர்கள் ஆதாரங்களைப் பார்த்து, சம்பந்தப்பட்டவரின் பதிலையும் கேட்டு, தடைப் பட்டியலில் சேர்ப்பதா என்று முடிவுசெய்கிறார்கள். நீதிமன்றத் தண்டனை இல்லாமலேயே சேர்க்கமுடியும். சேர்த்தபின் அவர் பிள்ளைகளோடு அத்தகைய வேலை செய்தால் ஐந்து ஆண்டுவரை சிறை. தெரிந்தே வேலை கொடுப்பவருக்கும் தண்டனை உண்டு.

இந்தத் திரும்பும் பாதையில் முதலில் வேலை செய்யவேண்டியவர் அந்தச் சமையலறை மேசை அலுவலர்தான். ‘அவர் எங்களை லாரிக்குள் தனியாகக் கூப்பிடுகிறார்’ என்று ஒரு பிள்ளை சொன்னதை, தேதி போட்டு, பிள்ளையின் சொற்களிலேயே, தன் அபிப்பிராயம் கலக்காமல் அன்றைக்கே எழுதிவைக்கவேண்டும். சொன்னவள் சின்னப்பெண், சுட்டிக்காட்டப்பட்டவர் பத்துக் கோப்பை வாங்கிக்கொடுத்தவர் என்று யோசித்து நிற்கக் கூடாது. தானே துப்புத் துலக்கவும் புறப்படக் கூடாது. கிளப்பின் தலைமைப் பாதுகாப்பு அலுவலருக்கும், ஆபத்து உடனடியானது என்றால் காவல்துறைக்கும் அனுப்பவேண்டும். இரண்டு மாவட்டங்களில் இரண்டு தாய்மார்கள் எழுதியனுப்பிய இரண்டு குறிப்புகள் ஒரே கோப்பில் சேரும்போதுதான், அடுத்த முறை அவர் பெயரில் ஒரு விண்ணப்பம் லிவர்பூலுக்கு வருகையில் நான்காவது நிலையில் யாராவது ஒருவர் நிறுத்திப் படிக்க ஏதாவது இருக்கும்.